ஒரு மான் கடந்தால் பிரேக்கை விட்டுவிடாதீர்கள்

மின்கம்பி நேரம் பார்த்து அறுந்து விழுவதில்லை. அதனால் நள்ளிரவிலும் விடியலுக்கு முன்பும் காட்டோரச் சாலைகளில் பைக்கில் போவது என் வேலையோடு ஒட்டிய விஷயம். புதிதாகச் சேரும் பையன்களுக்குக் கம்பம் ஏறச் சொல்லித் தருவதற்கு முன்பே, விலங்கு குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிடுவேன். கம்பத்திலாவது இடுப்புக் கயிறு உண்டு.

முதலில் வேகக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, விரல் பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த நல்ல சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் மொத்தத் தூரம் 70 மீட்டரை நெருங்கிவிடும். டிம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. சாலையோர மின்கம்பங்கள் பெரும்பாலும் 50 மீட்டர் இடைவெளிக்கு முன்னே பின்னே நிற்கும். அடுத்த கம்பம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் 60-ஐத் தொடாதீர்கள். கம்பம் தெரிந்தாலும் 50-க்குள் போவதுதான் என் பழக்கம். வெளிறிய கம்பம் கண்ணில் படும் தூரத்தில் கருத்த பன்றி படாது. எதிரே வண்டி இல்லாதபோது பிரைட்டில் போங்கள்.

விலங்குகள் அதிகம் நடமாடுவது மாலை மங்கும் நேரத்திலும் விடியும் நேரத்திலும்தான். சாலையில் எல்லா இடமும் ஒன்றல்ல. பாலத்தடி, ஓடை கடக்கும் பள்ளம், காடு முடிந்து வயல் தொடங்கும் ஓரம், தார் வரை புல் வளர்ந்த வளைவு ஆகிய இடங்களில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பிரேக் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் ஓரமாகப் போகாமல் உங்கள் பாதிச் சாலையின் நடுவில் போங்கள். புதரிலிருந்து பாய்வது எதுவானாலும் அந்த ஒரு மீட்டர் உங்களுக்குக் கைகொடுக்கும்.

மான், மாடு, நரி, பூனை இனங்களின் விழிக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. ஆகவே ஹெட்லைட் பட்டதும் கண்கள் மின்னும். ஆனால் கண் மின்னுவதை மட்டும் நம்பாதீர்கள். விலங்கு தலையைத் திருப்பினால் அது அணைந்துவிடும். பன்றிக்கோ அந்தப் படலமே கிடையாது. நான் நம்பும் அடையாளம் வேறு. தூரத்தில் சாலையோரப் பிரதிபலிப்பான் ஒன்றோ எதிர்வண்டியின் விளக்கோ ஒரு கணம் மறைந்து மீண்டும் தெரிந்தால், நடுவில் ஏதோ கடந்திருக்கிறது.

மான் கூட்டமாக வரும். பெண் பன்றியின் பின்னால் குட்டிகள் வரிசையாக வரும். முதல் மான் கடந்ததும் மனம் லேசாகி ஆக்சிலரேட்டரை முறுக்கும் அந்த நொடியில்தான் இரண்டாவது பாய்கிறது. கடந்துபோனதைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அது வந்த பக்கத்தைப் பாருங்கள். மான் வெளிச்சத்தில் திகைத்து நடுச்சாலையில் நின்றுவிட்டால், வேகத்தைக் குறைத்து டிம் போட்டு ஒரு சின்ன ஹார்ன் கொடுங்கள். வண்டியில் பொருத்தினால் மான் விலகும் என்று விற்கிறார்களே, காற்றில் ஊதும் விசில், அதற்குச் செலவிடும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

மோதிவிடும் போலத் தெரிந்தால் வண்டியைச் சட்டென்று வெட்டாதீர்கள். வெட்டுகிறவர் மானிடமிருந்து தப்பி மரத்தில் மோதுகிறார், அல்லது எதிரே வரும் லாரியில். வண்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்குங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் சற்றுத் தளர்த்தி மீண்டும் பிடியுங்கள். கண் விலங்கின் மேல் ஒட்டிக்கொண்டால் கையும் அங்கேயே போகும். ஆகவே காலியான இடத்தைப் பாருங்கள். இடித்தே தீரும் என்றால் கடைசி நொடியில் முன் பிரேக்கை விடுங்கள், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கியிருந்தது மேலெழும். முயல், கீரி போன்ற சின்னவற்றுக்கு ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து நேராகப் போய்விடுவதே நல்லது. மனம் வலிக்கத்தான் செய்யும்.

யானை என்றால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹார்ன் கூடாது; விளக்கை அணைத்து அணைத்துப் போடவும் கூடாது; படம் எடுக்கவே கூடாது. குறுகிய சாலையில் பைக்கைத் திருப்ப இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். யானை அதுவரை காத்திருக்காது. ஆகவே அது அமைதியாக நிற்கும்போதே, எஞ்சினை அணைக்காமல் வண்டியைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பெரியது, மறுபக்கம் குட்டி என்றால் நடுவே நுழைய நினைக்காதீர்கள். முன்னே போன கார் தப்பித்தது என்பது உங்களுக்கு வழி கிடைத்ததாக ஆகாது.

பறவைகளில் கவனிக்க வேண்டியவை சாலையில் செத்துக் கிடப்பதைத் தின்ன வந்தவை. வயிறு நிறைந்த கழுகு மெதுவாகத்தான் எழும்பும், பெரும்பாலும் காற்றுக்கு எதிராக, சில சமயம் உங்கள் முகத்துக்கு நேராகவே.

தேனீ ஹெல்மெட்டுக்குள் புகுந்தால் அறையாதீர்கள். வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டிய பிறகே கழற்றுங்கள். கொட்டிய பின் உதடோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வேறொருவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பு, வெயில் சூடு தங்கிய தார் மேல் இரவில் படுத்திருக்கும். ஏற்றாமல் விலகிப் போங்கள். நாய் துரத்தினால் அது நெருங்கும் வரை வேகத்தைக் குறைத்து, பிறகு முறுக்கிக் கடந்துவிடுங்கள். அதன் கணக்கு தப்பிப்போகும். உதைக்கப் போனால் உங்கள் சமநிலைதான் போகும்.

இடித்துவிட்டால் முதலில் நீங்கள் சாலையை விட்டு விலகுங்கள். பிறகு வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து, பின்னால் வருபவர்களுக்கு விளக்கால் எச்சரிக்கை காட்டுங்கள். அடிபட்ட விலங்கின் அருகில் போகாதீர்கள். வலியில் கிடக்கும் பன்றி எழுந்து பாயும். வனத்துறைக்கோ காவல்துறைக்கோ இடத்தைச் சொல்லி அழையுங்கள். அது எழுந்து ஓடிவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டாம். ஹேண்டில்பாரும் முன் சக்கரமும் ஒரே நேரில் இருக்கின்றனவா, பிரேக் லீவர் கெட்டியாக இருக்கிறதா, ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, முதல் சில நூறு மீட்டரை இரண்டாவது கியரிலேயே ஓட்டிப் பாருங்கள்.