பெருங்குடல் புற்றுநோயில் சி.இ.ஏ. அறிக்கையை வாசிக்கும் முறை

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தொடர்ந்து எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனை சி.இ.ஏ. ஆகும். கார்சினோஎம்பிரியானிக் ஆன்டிஜென் என்ற புரதம் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. 1965ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் கண்டறிந்த இந்தப் புரதம், நோய் திரும்பும் வாய்ப்பையும் உயிர்பிழைப்பையும் கணிக்க இன்றும் பயன்படுகிறது. நோயைப் புதிதாகக் கண்டுபிடிக்க இது உதவாது. தொடக்க நிலையில் பலருக்கு இதன் அளவு உயர்வதே இல்லை.

முதலில், அறுவைக்கு முன் எடுத்த அளவைத் தேடி எடுத்து வையுங்கள். பின்னர் வரும் எண்கள் அனைத்தையும் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். பொதுவாக, ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கு மேல் இருந்தால் உயர்வு என்பார்கள். புகைபிடிப்பவர்களுக்கும், கல்லீரல் நோயோ குடல் அழற்சியோ உள்ளவர்களுக்கும் புற்றுநோய் இல்லாமலேயே அளவு கூடலாம் என்பதால், ஒரே ஓர் எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, கட்டியை முழுமையாக அகற்றியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் அளவு இயல்புக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் உடலில் எங்கோ நோய் எஞ்சியிருக்கலாம் என்று கருதி மருத்துவர் மேற்கொண்டு தேடுவார். முன்பு உயர்ந்திருந்து அறுவைக்குப் பின் இயல்பான அளவுக்கு வந்தவர்களின் நிலை, தொடக்கத்திலிருந்தே இயல்பாக இருந்தவர்களின் நிலையை ஒட்டியே அமைகிறது. ஆகவே அறுவைக்கு முந்தைய எண் பெரியது என்பதற்காக மட்டும் யாரும் மனம் தளரக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

அதன்பின் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், ஐந்து ஆண்டுகள் நிறையும்வரை ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் பரிசோதிப்பது வழக்கம். கருவியும் முறையும் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், இயன்றவரை ஒரே ஆய்வகத்திலேயே எடுத்து, தேதியோடு ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் கலந்த கீமோதெரபி தொடங்கிய முதல் சில வாரங்களில் அளவு தற்காலிகமாக ஏறக்கூடும். மற்ற வேளைகளில் உயர்வு தெரிந்தால் மறுபடி பரிசோதித்து உறுதிசெய்துகொண்ட பிறகே சி.டி. ஸ்கேனுக்குச் செல்வார்கள்.

சி.இ.ஏ.வோடு நின்றுவிடாமல் திசு ஆய்வறிக்கையையும் பாருங்கள். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கும் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள். கட்டியில் இவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் நிலை (ஸ்டேஜ் 2) நோயில் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. அந்த நிலையில் ஃபுளோரோயுராசில் என்ற கீமோதெரபி மருந்தை மட்டும் தருவதால் பயன் குறைவு. பரவிவிட்ட நோயிலோ அதே குறைபாடு நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு வழி திறக்கிறது. புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்குறியாலும் இப்படி நேரலாம் என்பதால், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் மரபணுப் பரிசோதனை தேவையா என்று அப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.