பழைய மெதடிஸ்ட் பத்திரிகைகளில் ஒருவரைத் தேடுவது எப்படி

மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவு அமெரிக்காவில் நடத்திய பழைய பத்திரிகை எதை எடுத்தாலும் முதலில் மரணச் செய்திகளைப் பாருங்கள். வேறு எங்கேயும் பெயர் பதிவாகாத ஒரு விவசாயியின் மனைவி எப்போது மனம் திரும்பினாள், கடைசி நாட்களில் என்ன பேசினாள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும், எனக்கு இந்தப் பத்திரிகைகள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

எந்தப் பத்திரிகை என்பதை ஊரையும் வருடத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். பாஸ்டன் பக்கம் என்றால் 1823இல் தொடங்கிய சீயோன்ஸ் ஹெரால்ட், நியூயார்க் என்றால் 1826இல் வந்த கிறிஸ்டியன் அட்வகேட், சின்சினாட்டி பக்கம் 1834 முதல் வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட், கனடா என்றால் 1829இல் எகர்டன் ரையர்சன் ஆசிரியராக இருந்து தொடங்கிய கிறிஸ்டியன் கார்டியன். 1828இல் பாஸ்டன் பத்திரிகை நியூயார்க் பத்திரிகையோடு சேர்ந்து பெயரே நீண்டுவிட்டது, அதனால் பழைய பெயரில் மட்டும் தேடினால் பாதி இதழ்கள் கண்ணில் படாது.

அப்புறம் தேதி. குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த போதகர்கள்தான் சந்தா வசூலித்தார்கள், மரணச் செய்தியையும் பெரும்பாலும் அவர்களே எழுதித் தபாலில் அனுப்பினார்கள். அது அச்சாகப் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் கூட ஆகும், எனவே இறந்த தேதிக்குப் பிறகு ஒரு வருட இதழ்களையாவது புரட்டுங்கள். பெண்களைத் தேடினால் கணவர் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி 1778இல் தொடங்கிய அர்மினியன் மேகசீன் மாத இதழ். அதன் அச்சில் 'எஸ்' எழுத்து பல இடங்களில் 'எஃப்' போலவே இருக்கும், கணினித் தேடல் இதில் ஏமாந்துபோகும், 'எஃப்' போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்பங்களைத் தேடுபவர்கள் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் கிறிஸ்டியன் ரெக்கார்டரை விட்டுவிடவே கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், அடிமைச் சந்தையில் பிரிக்கப்பட்ட அம்மாவையும் பிள்ளைகளையும் தேடி விடுதலையானவர்கள் அதில் விளம்பரம் கொடுத்தார்கள், சபைகளில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். படிக்கும்போது நெஞ்சு கனத்துவிடும். பலர் விடுதலைக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டதால், அந்த விளம்பரங்களில் வரும் பழைய எஜமானரின் பெயரையும் விற்கப்பட்ட ஊரையும் வைத்துத் தேடுங்கள்.