பில் தேதிக்கு மறுநாள் வாங்கினால் 50 நாள் அவகாசம்

கிரெடிட் கார்டில் பெரிய பொருள் வாங்கும் முன் பில் போடும் தேதியைப் பாருங்கள். மாதாமாதம் 10ஆம் தேதி பில், 30ஆம் தேதி பணம் கட்டக் கெடு என்று வைத்துக்கொள்வோம். 9ஆம் தேதி வாங்கினால் மறுநாளே பில்லில் ஏறிவிடும். பணம் கட்ட 21 நாள்தான். 11ஆம் தேதி வாங்கினால் அடுத்த மாத பில்லுக்குப் போய்விடும். ஏறக்குறைய 50 நாள் வட்டி இல்லாமல் கிடைக்கும்.

ஆனால் முந்தைய பில்லை முழுசாகக் கட்டியிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 'மினிமம் டியூ' (பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராதே தவிர, வட்டி நிற்காது. பொதுவாக, புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பில் கட்டும் ஆட்டோ டெபிட் போட்டிருந்தால், அது 'டோட்டல் டியூ'வில் (முழுத் தொகை) இருக்கிறதா என்று இன்றே ஆப்பில் பாருங்கள்.

இன்னொன்று: பொருளைத் திருப்பிக் கொடுத்து, ரீஃபண்ட் பில் தேதிக்குப் பிறகு வந்தால், கட்ட வேண்டிய தொகையில் அது கழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் நீங்களாகக் கழித்துக்கொண்டு கட்டாதீர்கள். கழியாவிட்டால் பில்லில் உள்ள தொகையை அப்படியே கட்டுங்கள். ரீஃபண்ட் அடுத்த பில்லில் கழியும்.

கார்டில் ரொக்கம் எடுப்பதற்கு இந்த அவகாசமெல்லாம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, கூடவே கட்டணம்.