விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆய்வாளர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாங்கியிலும் சிலேத்தாரிலும் ஹேங்கர் வேலை (விமானப் பராமரிப்புக் கூட வேலை) பார்க்கும் நம்மவர்கள் பலர், எஞ்சினியர் லைசென்ஸ் எடுத்துப் பல வருடம் ஆனதும் ஒரு கேள்வி கேட்பார்கள்: சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பாதுகாப்பு ஆய்வாளராகப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஹேங்கர் அனுபவம் இல்லாதவர் அந்த வேலையைச் சரியாகச் செய்வது கடினம். ஆனால் நல்ல எஞ்சினியராக இருந்த காரணத்தாலேயே அங்கே போய்த் தடுமாறுபவர்களும் இருக்கிறார்கள்.

முதல் தடுமாற்றம், பழைய வேலையை விட முடியாமல் இருப்பது. ஒரு குறையைக் கண்டதும், ‘இதை இப்படிச் செய்யுங்கள், சரியாகிவிடும்’ என்று வழி சொல்லத் தோன்றும். உதவி செய்வதாகத்தான் நினைப்போம். ஆனால் சொன்ன மறுநிமிடம் அந்தத் தீர்வு உங்களுடையதாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அது பலன் தரவில்லை என்றால், ‘நீங்கள் சொன்னபடிதானே செய்தோம்’ என்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. விமானத்தைப் பாதுகாப்பாக இயக்கும் பொறுப்பு சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனத்துடையது. அந்தப் பொறுப்பை நிறுவனம் எப்படி நிறைவேற்றுகிறது என்று பார்ப்பதே உங்கள் வேலை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதுதான். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மாலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி அதற்கு முன்புதான் இரவு ஷிப்டில் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிடச் சற்று மெல்லியவை. பழைய போல்ட்டை வைத்துக் கண்ணால் பார்த்தே புதியதைத் தேர்ந்தெடுத்திருந்தார் ஷிப்ட் மேலாளர். அனுபவசாலி, நல்ல பெயர் எடுத்தவர். அந்த நிறுவனத்தில் தரத் தணிக்கைகள் நடக்காமல் இல்லை. ஆனால் ஷிப்ட் மேலாளர்கள் நேரில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை அந்தத் தணிக்கைகள் பார்க்கவில்லை என்று புலனாய்வு அறிக்கை காரணங்களில் ஒன்றாகவே எழுதியது.

காலை பத்து மணிக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பும் ஆய்வாளருக்கு அப்படிப்பட்ட இரவு கண்ணில் படவே படாது. சாங்கியில் பகலில் பறக்கும் விமானங்களின் பராமரிப்பு வேலை நடப்பது இரவில்தான். மூன்று மணிக்கு, ஆள் குறைவாகவும் அசதி கூடுதலாகவும் இருக்கும்போது போய் நில்லுங்கள். செய்த வேலையைப் பதியும் டாஸ்க் கார்டில், 3:10க்கு டார்க் வைத்ததாக (போல்ட்டைக் குறிப்பிட்ட விசையில் முறுக்கியதாக) கையெழுத்து இருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். கருவி அறைக்குப் போய், கார்டில் உள்ள எண் கொண்ட டார்க் ரென்ச்சை (அந்த முறுக்குக் கருவியை) யார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று பதிவேட்டில் பாருங்கள். நான்கு மணிக்குத்தான் எடுத்திருந்தாலோ, அன்று அது காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) போயிருந்தாலோ, கையெழுத்துக்கும் வேலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அங்கே தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஒரு டெக்னீஷியனோடு நின்றுவிடாமல், ஏன் அப்படிச் செய்ய வேண்டிவந்தது என்று கேளுங்கள். ரென்ச் போதவில்லையா, நேரம் போதவில்லையா, ஆள் போதவில்லையா?

ஏடுகளைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சில கருவிகள் வேலை செய்யாமலேயே குறிப்பிட்ட நாள் வரை பறக்க எம்இஎல் எனும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் அனுமதிக்கிறது. பி பிரிவென்றால் 3 நாள், சி பிரிவுக்கு 10, டி பிரிவுக்கு 120. சி பிரிவுக் கோளாறு ஒன்று ஒன்பதாம் நாள் ‘ரீசெட் செய்து சோதித்தோம், சரி’ என்று மூடப்படுகிறது. பதினோராம் நாள் அதே கோளாறு புதிதாகப் பதிவாகி, இன்னொரு பத்து நாள் ஓட ஆரம்பிக்கிறது. கோளாறுகளைப் பதியும் டெக் லாக் ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் விதிப்படிதான் இருக்கும். இரண்டு மாதப் பக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோளாறு சரியாகவே இல்லை என்று புரியும்.

அனுமதி கேட்டு வரும் கடிதங்களிலும் இதே கண் வேண்டும். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-83 விமானம் பசிபிக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வால் பகுதிச் சிறகை அசைக்கும் பெரிய திருகான ஜாக்ஸ்க்ரூவுக்குப் போதிய கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்து போயிருந்தது. கிரீஸ் இடும் இடைவெளியை நிறுவனம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனதையும், அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு ஒப்புதல் தந்ததையும் விசாரணை சேர்த்தே குறை சொன்னது. இடைவெளியை நீட்டக் கேட்டு வரும் கடிதம் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் முன், இதே வேலைக்கு இதுவரை எத்தனை முறை நீட்டினோம், ஆதாரமாக என்ன தரவு வந்தது என்று பழைய கோப்பை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, சிங்கப்பூரில் நாம் கூடுதலாகவே கவனிக்க வேண்டியது: நெருக்கம். இது சின்ன ஊர். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர், நேஷனல் சர்வீஸில் கூட இருந்தவர், பழைய சூப்பர்வைசர் என்று நீங்கள் ஆய்வு செய்யப் போகும் இடத்தில் யாராவது ஒருவர் இருப்பார். தமிழர் என்றால் இன்னும் நெருக்கம். போன மாதம் அவர் மகள் கல்யாணத்தில் சாப்பிட்டிருப்பீர்கள். “அண்ணே, இதுக்குப் போய் எழுதுவீங்களா? வாயால சொல்லுங்க, நாளைக்கே முடிச்சிடறோம்” என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், நாளைக்கே முடித்தும் விடுவார். ஆனால் எழுதாத குறை யார் கணக்கிலும் ஏறாது. அதே குறை மூன்று இடங்களில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. “தம்பி, எழுதினா உங்களுக்கும் நல்லதுதான், மேலிடத்துல ஆள் கேட்க வசதியா இருக்கும்” என்று சொல்லி எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. நெருங்கிய உறவோ நட்போ இருந்தால், வேலை ஒதுக்கப்படும்போதே மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். தீபாவளிக்கு வரும் பலகாரத் தட்டும் அப்படித்தான். அப்படித் தெரிவிப்பதால் வரும் மனசங்கடம் ஒரு நாளோடு போய்விடும்.

நெருக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தின் 46 விமானங்கள், உடற்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்ற கட்டாயச் சோதனை செய்யப்படாமல் பறந்திருந்தன. தவறு தெரிந்த பிறகும் அவை பறக்க விடப்பட்டதை அரசு ஆய்வாளர்கள் 2008இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்கள். அந்த ஆய்வாளர்களின் மேற்பார்வையாளர், சவுத்வெஸ்டோடு மிக நெருக்கமாக இருந்ததுதான் அங்கே பெரிய பிரச்சினை. அதன் பிறகு, வேலையை விடும் ஆய்வாளர் தான் கண்காணித்த நிறுவனத்தின் சார்பில் இரண்டு ஆண்டுகளுக்கு விமான ஒழுங்குமுறை அமைப்பிடம் வரக் கூடாது என்று விதி போட்டார்கள்.

இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறே. அதிகாரத்தைக் காட்டினால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். விமானி அறையின் ஜம்ப் சீட் எனும் கூடுதல் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போது, ஓடுபாதைக்குப் போகும் நேரத்திலும் 10,000 அடிக்குக் கீழேயும் கேள்வி கேட்காதீர்கள். அந்த நேரத்தில் விமானிகளின் கவனத்தைக் கலைத்தால் ஆபத்து உங்களால்தான். விமானத்துக்குப் பொறுப்பு கேப்டன் என்பதைப் புறப்படும் முன்பே பேசித் தெளிவாக்கிவிடுங்கள். அதேபோல், ஒரு சிப்பந்தி தானாக முன்வந்து எழுதிய தவறை அவரைத் தண்டிக்கப் பயன்படுத்தினால், அந்த நிறுவனத்திலிருந்து அடுத்த அறிக்கை வராது. தெரிந்தே விதியை மீறியவர் வேறு. அவரை விடவும் கூடாது.

ஆய்வும் விபத்துப் புலனாய்வும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 2024 மே 21 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ321 விமானம் மியன்மார் வான்வெளியில் கடுமையாகக் குலுங்கி ஒரு பயணி இறந்தபோது, அதை விசாரித்தது போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள புலனாய்வுப் பிரிவு. அது ஆணையத்திலிருந்து தனியானது. அப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு செய்தியில் வந்ததையே துரத்திக்கொண்டு ஓடினால், செய்தியில் வராத ஆபத்து கவனிப்பாரற்றுப் போகும்.

திருத்த நடவடிக்கை என்று வரும் பதில்களில் ‘சம்பந்தப்பட்டவருக்கு மறுபயிற்சி தரப்பட்டது’ என்ற வரியைக் கண்டதும் கோப்பை மூடிவிடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் நடந்திருந்தால்தானே பயிற்சி தீர்வாகும்? தெரிந்தவரே தவறியிருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. மூடிய பிறகும் சில மாதம் கழித்து, சொல்லாமல் போய் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்வது. அலுமினிய உடல் கொண்ட போயிங் 777இல் வேலை பழகியவர் முன்னால் இன்று ஏ350, 787 விமானங்கள் நிற்கின்றன. அலுமினியத்தில் அடிபட்டால் குழி விழும், கண்ணுக்குத் தெரியும். இந்தப் புதிய விமானங்களின் காம்போசிட்டில் (இழை அடுக்குகளை ஒட்டிச் செய்த பொருளில்) மேற்பரப்பு நன்றாக இருந்தும் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ‘இது எனக்குப் புதிது, எப்படிச் சோதிக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்று அங்கே வேலை செய்பவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் காட்டுவார்கள். காட்டத் தயங்கினால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.