வேலையை விடாமல் ஸ்ட்ரக்சரலில் மாஸ்டர்ஸ்: சேருவதற்கு முன் செய்ய வேண்டியவை

கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்ட்ரக்சரலில், அதாவது கட்டமைப்புப் பொறியியலில், மாஸ்டர்ஸ் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பஸ் என்றுதான். மொறட்டுவை, பேராதனை இரண்டிலும் படிக்கலாம்; ஆனால் வெள்ளவத்தையில் 100 அல்லது 101 பஸ் ஏறினால் மொறட்டுவைக் கம்பஸ் இருக்கும் கட்டுபெத்தயில் இறங்கலாம் என்பதே பலருக்குப் பாதி முடிவை எடுத்துக்கொடுத்துவிடும்.

அதைவிட எந்த மட்டம் என்று பாருங்கள். எஸ்.எல்.கியூ.எஃப். (இலங்கைத் தகைமைகள் சட்டகம்) கணக்கில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், பாடங்களோடு முடியும் முதுமாணி 9, ஆய்வும் சேர்ந்தது 10. ஒன்பதுக்கு 30 கிரெடிட், பத்துக்கு 60. டிசைன் ஒஃபீஸிலேயே இருக்கப்போகிறவருக்கு 9 தாராளம். பிஎச்டி ஆசை கொஞ்சமாவது இருந்தால் பத்துக்குப் போங்கள், அதுவும் மேற்பார்வை செய்யக்கூடியவரிடம் முதலே பேசிவிட்டு.

பட்டம் வாங்கிய கையோடு சேர வேண்டாம் என்பேன். ஒன்றிரண்டு வருடம் சைட் பார்த்தவருக்கு, லெக்சரில் பஞ்சிங் ஷியர் (தூண் ஸ்லாபைக் குத்தித் துளைப்பது) என்றதுமே கம்பி நெருக்கத்தில் கொங்கிரீட் இறங்காமல் நின்ற ஏதோவொரு தூண் தலை ஞாபகத்துக்கு வரும்.

சரி, சேருமுன் ஐரோப்பிய டிசைன் விதித்தொகுப்பான யூரோகோடைக் கொஞ்சம் புரட்டுங்கள். கொங்கிரீட்டுக்கான பழைய பிரிட்டிஷ் விதித்தொகுப்பு பிஎஸ் 8110 பிரிட்டனில் 2010இலேயே விலக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் இங்கே பலருடைய கை இன்னும் அதிலேதான் ஓடுகிறது. பாரங்களைப் பெருக்கும் லோட் ஃபேக்டர் 1.4, 1.6 என்பது 1.35, 1.5 ஆவதெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். வழுக்குவது கொங்கிரீட் பலத்தில்: சி25/30 என்றால் 25 சிலிண்டர் மாதிரியின் பலம், 30 கியூப் மாதிரியின் பலம். யூரோகோட் சூத்திரங்களுக்கு 25தான் போக வேண்டும். பிஎஸ் கியூப் பலத்தைத்தான் எடுக்கும்; அந்தப் பழைய பழக்கத்தில் 30 போட்டால் விடை அழகாக, பாதுகாப்பில்லாமல் வரும்.

அப்புறம் ஈடாப்ஸ், கட்டடத்தை மொடல் செய்து கணக்கிடும் சொஃப்ட்வெயார். மொடலை ஓடவிட்டதும் கலர் படங்களைப் பார்க்காமல் முதலில் அடியில் இறங்கும் மொத்தப் பாரத்தைக் காட்டும் பேஸ் ரியாக்‌ஷனைப் பாருங்கள். 20 மீட்டருக்கு 20 மீட்டர், பத்து மாடி, நிரந்தர பாரமும் பாவனைப் பாரமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் என்று வையுங்கள்: 400 × 10 × 12, அதாவது 48,000 கிலோநியூட்டன். மெஷின் 30,000 சொன்னால் சுவர் பாரமோ ஃபினிஷோ விடுபட்டிருக்கலாம். 65,000 சொன்னால் சுயநிறை இரண்டு லோட் கேஸிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அனேகமாக அதுதான். இந்த ஒரு வரிக் கணக்குப் பழக்கம் இல்லாமல் மாஸ்டர்ஸ் முடித்தவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய.

ஆய்வுத் தலைப்பை உங்கள் ஒஃபீஸ் வேலையிலிருந்தே எடுங்கள், பாதி உழைப்பு மிச்சம். ஆனால் கிளையன்டின் வரைபடங்களைத் தொடுமுன் எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஆறு மாதம் மொடல் கட்டிய பிறகு மறுத்தால், வேறு கட்டடம் தேட வேண்டியதுதான்.