தடுப்பூசி போட்ட கோழிகளில் பறவைக் காய்ச்சலைக் கண்காணிப்பது எப்படி

தடுப்பூசி போடாத கோழிகளிடையே பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரசு புகுந்தால் சில நாள்களுக்குள் கூடு கூடாகச் சாவு விழும்; அந்தச் சாவே பண்ணையாளருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. தடுப்பூசி போட்ட கோழிகளில் அந்த எச்சரிக்கை எழாமலே போகலாம். ஊசி நோயின் கடுமையையும் இறப்பையும் வெகுவாகக் குறைக்கிறது, எச்சத்திலும் சளியிலும் வெளியேறும் வைரசின் அளவையும் குறைக்கிறது. ஆனால் தொற்றை முற்றாக அடைத்துவிடுவதில்லை. ஆகவே ஊசி போட்ட நாளிலிருந்து கண்காணிப்பு கூடவேண்டுமே தவிரக் குறையக்கூடாது.

முதலில் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். திருகோணமலையின் கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் இராணிக்கெட், கம்போரோ ஆகிய வேறு கோழி நோய்களுக்கு எதிரான தடுப்பு மருந்துகளையே கருதுகிறார். அவை பறவைக் காய்ச்சலுக்கு எவ்விதப் பாதுகாப்பும் தருவதில்லை. இராணிக்கெட்டும் பறவைக் காய்ச்சலும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், இராணிக்கெட் மருந்து கொடுத்த கோழிகள் திடீரெனச் செத்தால் கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல் மிருக வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

பறவைக் காய்ச்சலுக்கான ஊசி அரச மேற்பார்வையோடு போடப்பட்ட பண்ணையில் மிகப் பயனுள்ள கருவி ஒரு சாதாரணக் கொப்பிதான். ஒவ்வொரு கூட்டுக்கும் தனிப்பக்கம் ஒதுக்கி, இறந்தவை, தின்ற தீன், குடித்த நீர், இட்ட முட்டை ஆகிய நான்கையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். ஊசி போட்ட முட்டைக் கோழிகளில் தொற்று இருந்தால், சாவுக்கு முன்னே தீனும் முட்டையும் சற்றே சரிவதும், மென்மையான ஓட்டோடு முட்டை விழுவதும் தெரியவரலாம். வெயில், தீன் மாற்றம் போன்ற காரணமின்றி இரண்டு நாள் தொடர்ந்து சரிவு தென்பட்டால், மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

இறந்த கோழிகளையும் வீணாக்கக்கூடாது. 2023 ஒக்டோபரில் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிரான்சு, அந்தப் பண்ணைகளில் இறந்த வாத்துகளின் மாதிரிகளையும் ஒழுங்காகப் பரிசோதித்து வந்தது. உயிருள்ள பறவைகளில் தற்செயலாக எடுப்பதைவிட இறந்தவற்றில் வைரசு அகப்படும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். தொண்டையிலிருந்தும் கழிவாயிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பதைப் பயிற்சி பெற்றவரே செய்யட்டும். பேராதனை கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திருகோணமலையிலிருந்து பல மணி நேரப் பயணம் என்பதால், மாதிரி ஐஸ் வைத்த பெட்டியில் குளிர்ச்சியாகவே போய்ச் சேர வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. வைரசை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் ஊசியாலும் உண்டாகும், தொற்றாலும் உண்டாகும். இரண்டையும் பிரித்தறிய, ஊசி மருந்தில் உள்ள வைரசின் 'என்' வகை (எச்5என்1 போன்ற பெயரில் 'என்' எழுத்துக்குப் பின்வரும் எண்) வெளியே பரவும் வைரசின் 'என்' வகையிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். இத்தாலி 2000ஆம் ஆண்டில் எச்7என்1 நோய்க்கு எதிராக எச்7என்3 மருந்தைப் பயன்படுத்தியது இதற்காகவே. அது இயலாத இடத்தில், ஊசி போடாத சில கோழிகளுக்குக் காலில் வளையமிட்டு, கூட்டின் எல்லா மூலைகளிலும் கலந்து விடுவார்கள். அவற்றில் ஒன்று நோயுற்றாலோ, அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட்டாலோ, வைரசு உள்ளே வந்துவிட்டது என்று பொருள். அவற்றை விற்கவோ, இறந்தால் பதிலுக்கு வேறொன்றை விடவோ கூடாது.

எத்தனை கோழிகளில் மாதிரி எடுப்பது என்பதும் கணக்குள்ள விடயம். பெரிய கூட்டமொன்றில் நூற்றுக்கு 5 கோழிகளுக்குத் தொற்று இருந்தால், அவற்றில் ஒன்றாவது 95 வீத உறுதியோடு அகப்பட ஏறத்தாழ 60 கோழிகள் தேவை. நூற்றுக்கு 10 என்றால் 30 போதும். ஐந்தாறு கோழிகளைச் சோதித்துவிட்டு நிம்மதி அடைவது சரியன்று.

ஐப்பசியில் மாரி தொடங்கியதிலிருந்து பங்குனிவரை, வலசைப் பறவைகள் களப்புகளிலும் குளங்களிலும் தங்கும் காலத்தில், மேற்சொன்னவற்றை இன்னும் இறுக்கமாகச் செய்யுங்கள். குளத்து நீரைச் சுத்திகரிக்காமல் கோழிக்குக் கொடுக்காதீர்கள். நோய்க்குறி காட்டாமலே வைரசைப் பரப்பக்கூடிய வாத்துகளைக் கோழிகளோடு வளர்க்காதீர்கள். சந்தேகத்துக்குரிய முறையில் இறந்த கோழியை வீட்டில் அறுத்துப் பார்க்காமல், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, இரண்டு பைகளில் ஒன்றினுள் ஒன்றாக இட்டுக் கட்டி, பரிசோதனை முடிவு வரும்வரை கோழி, முட்டை, உமி எதையும் பண்ணையை விட்டு வெளியேற்றாதிருங்கள்.