ஒரே இடத்தில் இருபது நிமிடம்: இயற்கையோடு உட்காரப் பழகுவது எப்படி?

மலை ஏறினால்தான், காட்டுக்குள் நாலு நாள் தங்கினால்தான் மனம் அமைதியாகும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதற்கான நேரமும் துணையும் அமையாமல் வருடங்கள் ஓடிவிடுகின்றன. நானும் அப்படித்தான் இருந்தேன். போன சில பயணங்களிலும் எத்தனை கிலோமீட்டர் நடந்தேன் என்பதுதான் நினைவில் நின்றது. வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் பதில் இருக்காது.

இது மாறியது ஒரு சுளுக்கால். ஒருமுறை பாதையில் கால் பிசகிவிட்டது. கூட வந்தவர் உதவியோடு திரும்பி வரும்வரை ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. முதல் கால் மணி நேரம் வலியும் எரிச்சலும்தான். அப்புறம், நான் அங்கே இருப்பதையே அந்த இடம் மறந்துவிட்டது. எதிர்மரத்தில் ஒளிந்துகொண்டிருந்த அணில் தலைகீழாக இறங்கி வந்தது. என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சின்னப் பறவை சருகைப் புரட்டிப் பூச்சி தேடியது. எத்தனையோ தடவை கடந்து போன பாதை அது. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்தப் பதிவு அதைத்தான் சொல்லித்தருகிறது: பக்கத்தில் ஓரிடம் பிடித்து, அசையாமல் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அங்கேயே போவது. உடல் பலமோ முன் அனுபவமோ தேவையில்லை.

1. இடம் பிடிப்பது

அழகான இடத்தைவிடப் பக்கத்து இடம் நல்லது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடமாக இருந்தால்தான் வாரத்தில் பல நாள் போவீர்கள். பூங்காவின் ஒரு மூலை, ஏரிக்கரை, ஊரோரத் தோப்பு, ஏன், ஒரே ஒரு பெரிய மரம் கூடப் போதும்.

இரண்டு வகை நிலம் சந்திக்கும் ஓரங்களைத் தேடுங்கள். நீரும் கரையும், மரங்களும் புல்வெளியும், புதரும் வெட்டவெளியும் சேரும் இடங்களில் இரண்டு பக்கத்து உயிர்களும் நடமாடும். பார்க்க நிறைய இருக்கும். முதுகு சாய ஒரு மரமோ பாறையோ இருந்தால் உடம்பு சீக்கிரம் தளரும். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கவும் தோன்றாது.

உட்காருவதற்கு முன் மேலே பாருங்கள்: காய்ந்து தொங்கும் கிளையோ குளவிக் கூடோ இருந்தால் வேறு இடம். கீழேயும் பாருங்கள்: எறும்புப் புற்று, பொந்து, அடர்ந்த சருகுக் குவியல் இருந்தால் விலகுங்கள். கை வைக்கும் இடத்தைக் கண் முதலில் பார்க்க வேண்டும். பாம்பு, தேள் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும். தனியாகப் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆட்கள் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மனதின் ஒரு பாதி காவலுக்கு நின்றால் மறுபாதி ஓய்வெடுக்காது.

2. எப்போது, எவ்வளவு நேரம்

பறவைகளுக்காகப் போவதென்றால் விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடில்லை. மாலையும் நல்லதுதான். ஆனால் உங்களால் உண்மையிலேயே போகமுடிகிற நேரம் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கால அளவு 20 நிமிடம். இதை நானாகச் சொல்லவில்லை. 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரவாசிகள் சிலரை எட்டு வாரங்களுக்கு, வாரம் மூன்று முறையாவது, இயற்கையை உணரக்கூடிய ஓர் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். போவதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்து, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடம் வரை இருந்தபோதுதான் அது வேகமாகக் குறைந்தது. அதற்கு மேலும் இருந்தால் பலன் கூடியது, ஆனால் மெதுவாக. இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட நிபந்தனைகள்: போன் பேசக் கூடாது, இணையம் கூடாது, படிக்கக் கூடாது, அரட்டை கூடாது, மூச்சு வாங்க உடற்பயிற்சியும் கூடாது. நாம் செய்யப்போவதும் அதேதான்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களைப் பார்த்த இன்னோர் ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள் நல்ல உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டது. ஒரே நாளில் சேர்த்து இருந்தாலும் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியும் இதில் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் 20 நிமிடம் வீதம் ஆறு நாள் என்றால் 120 வந்துவிடுகிறது. தொடங்குகிறவருக்கு நல்ல கணக்கு.

3. கையில் என்ன?

தண்ணீர். ஈரம் ஏறாத ஒரு விரிப்பு. கொசு இருந்தால் முழுக்கைச் சட்டை. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். பேனாவைவிடப் பென்சில் நல்லது, ஈரத் தாளிலும் எழுதும். போனைச் சத்தம் நிறுத்திப் பைக்குள் போடுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

4. முதல் பத்து நிமிடத்தைத் தாண்டுவது

பெரும்பாலோர் விட்டுவிடுவது இங்கேதான். உட்கார்ந்ததும் அமைதி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வருவது பட்டியல்தான்: அனுப்ப மறந்த செய்தி, நேற்று யாரோ சொன்ன சொல், கட்டவேண்டிய கட்டணம். கை தானாகப் பையைத் துழாவும். முதுகு அரிக்கும். "என்ன செய்துகொண்டிருக்கிறோம் இங்கே?" என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான்.

எண்ணங்களோடு சண்டை போட வேண்டாம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைக் கொஞ்சம் நீளமாக்கி ஐந்து முறை மூச்சு விடுங்கள். தோள்களைத் தளர்த்துங்கள். தாடை இறுகியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இறுகித்தான் இருக்கும். அப்புறம் ஏதாவது ஓர் அசைவில் கண்ணை விடுங்கள்: இலை ஆடுவது, நீரில் வெளிச்சம் நெளிவது, மேகம் நகர்வது.

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர்கள் இதற்கு நல்ல விளக்கம் தந்திருக்கிறார்கள். வேலையில் நாம் இழுத்துப் பிடித்துச் செலுத்தும் கவனம் களைத்துப்போகும். இலையும் நீரும் மேகமும் கவனத்தைப் பிடுங்குவதில்லை, மெல்ல ஈர்த்து வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது. செய்தித் திரையும் நம்மை ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அது விடாமல் பிடித்து இழுக்கும் ஈர்ப்பு.

பத்தாவது, பதினைந்தாவது நிமிடத்தில் இன்னொரு காரியம் நடக்கும். நீங்கள் வந்தபோது அடங்கிப்போன பறவைகளும் பூச்சிகளும் மறுபடி தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கும். அந்தக் கணத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். இடம் உங்களை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

5. காது, கண், மூக்கு

கண்ணை மூடி, மிகத் தொலைவில் கேட்கும் சத்தத்தைத் தேடுங்கள். வண்டியோசையாகக் கூட இருக்கலாம், பரவாயில்லை. அப்புறம் நடுத்தூரத்துச் சத்தம், கடைசியாக உங்கள் மூச்சு. இரண்டு காதுக்கும் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துப் பாருங்கள். முன்னால் உள்ள ஒலிகள் சட்டென்று பெரிதாகும். ஒரு பறவை ஒரே குரலை வேகமாகத் திரும்பத் திரும்பக் கத்தி, மற்றவை கப்சிப் ஆகிவிட்டால், பூனையோ பாம்போ பருந்தோ பக்கத்தில் இருக்கலாம். அந்தக் குரல் வரும் பக்கம் பாருங்கள்.

கண்ணுக்கு ஒரு பயிற்சி. நேரே பார்த்தபடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை ஆட்டிக்கொண்டே மெல்ல இரு பக்கமும் விரியுங்கள். தலையைத் திருப்பாமல் இரண்டு கை அசைவும் எதுவரை தெரிகிறதோ, அதுதான் உங்கள் முழுப் பார்வை. கையை இறக்கிவிட்டு அந்த அகலத்திலேயே பார்வையை வைத்திருங்கள். பார்வையின் ஓரத்தில் நுணுக்கம் தெரியாது, அசைவு நன்றாகத் தெரியும். புதருக்குள் ஓணான் தலையாட்டுவது இப்படித்தான் அகப்படும்.

மூக்கை நாம் மறந்தே போகிறோம். முதல் மழைத்துளி விழுந்ததும் எழும் மண்வாசனைக்கு 1964இல்தான் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இருவர் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு மண்வாசனை என்ற சொல் அதற்கு முன்பே இருந்தது. அந்த வாசனையில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் கலந்திருக்கிறது; மிக மிகச் சிறிய அளவில் இருந்தாலும் நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மழை இல்லாத நாளிலும் ஒரு பிடி சருகை விலக்கி, அடிமண்ணை முகர்ந்து பாருங்கள்.

6. ஒரே ஒரு பொருள், ஐந்து நிமிடம்

எனக்கு மிகப் பிடித்த படி இது. கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு விரல் அகலப் பட்டை, ஓர் இலை, ஒரு சிலந்தி வலை. ஐந்து நிமிடம் அதை மட்டும் பாருங்கள்.

ஒரு நாள் நான் பார்த்தது ஓர் எறும்பை. தன்னைவிடப் பெரிய பூச்சி இறக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. காற்று வீசியபோதெல்லாம் இறக்கை பாய்மரம் போல நிமிர்ந்து எறும்பையே பக்கவாட்டில் சாய்த்தது. மூன்று முறை விழுந்தது. நாலாவது முறை இறக்கையைத் தரையோடு படுக்கவைத்து, நுனியைக் கவ்வி, பின்பக்கமாகவே நடந்து இழுத்துக்கொண்டு போனது. ஒரு கல் குறுக்கிட்டது, சுற்றிப் போனது. ஒரு சாண் தூரத்துக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் என் மனதில் வேறு எதுவும் இல்லை.

கிளம்பும் முன் மூன்று வரி எழுதுங்கள்: தேதி, காற்றும் வெயிலும் எப்படி, புதிதாகக் கண்ட ஒன்று. பெயர் தெரியாவிட்டால் "வாலை ஆட்டும் பழுப்புப் பறவை" என்றே எழுதுங்கள். பெயர் பிறகு கிடைக்கும்.

7. எழுந்திருக்க வேண்டிய நேரம்

மாலையில் உட்காருபவர்களுக்கு: கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சூரியன் வானில் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகர்கிறது. ஆக, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு முஷ்டி இடம் இருந்தால், குறைந்தது 40 நிமிடம் வெளிச்சம் என்று கொள்ளலாம். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், ஓரக்கண் போதும்.

இடி கேட்டால் யோசிக்கவே வேண்டாம், உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி. தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடி மிக ஆபத்தானது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும்.

எடுத்துப் போனதையெல்லாம் திரும்ப எடுத்து வாருங்கள், பழத்தோல் உட்பட. அணிலுக்குத் தீனி போடாதீர்கள். பழக்கப்பட்ட அணில் உங்களைத்தான் பார்க்குமே தவிர, நீங்கள் அதன் வாழ்க்கையைப் பார்க்க முடியாது.

8. போக முடியாத நாட்கள்

மழை, காய்ச்சல், வீட்டில் ஆளில்லாத நாள் என்று வரத்தான் செய்யும். அன்றைக்கு ஜன்னல். 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஓர் ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மாத்திரைகளும் குறைவாகவே தேவைப்பட்டன. எழ முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கட்டிலை மரம் தெரியும் பக்கம் திருப்பிப் போடுங்கள். இதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

9. ஒரு மாதம் கழித்து

அதே இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போன பிறகு, கால்கள் தானாக இன்னும் தூரம் கேட்கும். அப்போது நடைக்குப் போகலாம். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: இன்றைய அளவில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஐந்து கிலோமீட்டர் பாதை, 300 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்றரை மணி. புதியவர்கள் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டேகால் மணி ஆகும். உயரம் போகப் போகக் குளிரும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி. ஒரு மேல்சட்டை பையில் இருக்கட்டும்.

அந்தக் கணக்கில் இன்னும் அரை மணியைச் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாதி வழியில், பாதையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, விரிப்பைப் போட்டு உட்காருவதற்கு.